இரண்டாம் பிரதி

ஏலப்பாறைக்கு மேலே, எங்கள் எஸ்டேட் கடைத்தெருவில், சரித்திர ராவுத்தரிடம் உப்பு வாங்கப் போய் உப்போடு மட்டும் திரும்பியவர் எவரும் கிடையாது. கூடவே ஒரு ஜீவசரித்திரமும் கைக்கு வந்துவிடும். அதுவும் தேசப்பிதாவின் ஜீவசரித்திரம். வேறு யாருடைய வாழ்க்கையையும் அவர் கடைக்குள் சேர்ப்பதில்லை.

பாலக்காட்டிலிருந்து மலையேறி வந்து மளிகைக்கடை போட்டவர். கருப்பட்டிக்கும் கருவாட்டுக்கும் நடுவே ஒரு கண்ணாடி அலமாரி வைத்திருந்தார். நான் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். நோய் பார்த்து மருந்து கலப்பது என் வேலை. ஆள் பார்த்துப் புத்தகம் கொடுப்பது அவர் வேலை. அவருடைய வைத்திய முறையை நான் மனத்துக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். பரீட்சையில் தோற்றவனுக்குச் சின்னப் புத்தகம். தலைவர் பள்ளியில் சுமாராகப் படித்த கதை அதில் விரிவாக வரும். சோறு சரியில்லை என்று பெண்டாட்டியோடு மல்லுக்கு நிற்பவனுக்கு, தலைவரோடு ஜெயிலில் இருந்த ஒருவர் எழுதியது. பக்கத்துக்குப் பக்கம் உபவாசம். குடிகாரனுக்கு, இங்கிலீஷிலிருந்து மொழிபெயர்த்த தடிப் புத்தகம்.

“ரெண்டு கையிலயும் புடிச்சாத்தான் படிக்க முடியும். அப்புறம் குப்பியப் புடிக்கக் கை ஏதுங்க?”

தலைவர் தாமே எழுதிய சுயசரிதையை மட்டும் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். தன்னைப் பற்றித் தானே சொன்னால் அது வாக்குமூலம் என்பார்.

புத்தகம் வாங்கியவரை எங்கே கண்டாலும் சௌக்கியம் கேட்க மாட்டார். ஆப்பிரிக்கா வந்தாச்சா, கப்பலை விட்டு இறங்கியாச்சா என்றுதான் கேட்பார். ஒரு முறை, உப்பு எடுத்தாச்சா என்று அவர் என்னைக் கேட்க, பக்கத்தில் நின்ற அம்மாள், இன்னும் நிறுக்கவே இல்லையே என்று சண்டைக்கு வந்துவிட்டாள்.

எனக்கு அவர் கொடுத்தது தடிப் புத்தகம். எனக்குக் குடிப்பழக்கம் இல்லையே என்றேன்.

“தனியா இருக்கறவங்களுக்கும் அதுதானுங்க, அம்மிணி. சீக்கிரம் தீராது.”

அந்த வருஷம் மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரிக்கப் போகிறார்கள் என்று மலை முழுவதும் கலங்கிக் கிடந்தது. எல்லை எந்தப் பக்கம் போகும், காலையில் எந்த ராஜ்யத்தில் கண் விழிப்போம் என்பதே பேச்சு. நாலு தமிழர் கூடினால் ஐந்தாவதாக ஒரு போலீஸ்காரர் வந்து நிற்பார். நெஞ்சு படபடக்கிறது என்று மருந்துக்கு வருகிறவர்கள் நாளுக்கு நாள் அதிகமானார்கள். எனக்கும் படபடத்தது. கம்பவுண்டர் அதை வெளியில் சொல்லக் கூடாது.

அப்படிப்பட்ட நாளில் மாற்றலாகி வந்த கான்ஸ்டபிள் ஒருவர் ராவுத்தர் கடையில் பீடிக்கு நின்றிருக்கிறார். யாரோ தடிப் புத்தகம் கேட்டிருக்கிறார்கள். ராவுத்தர் வழக்கம்போலச் சொல்லியிருக்கிறார்:

“ரெண்டு பிரதிதானுங்க. ஒண்ண உள்ள வச்சுப் பூட்டியிருக்கேன். இன்னொண்ணு வெளிய போயிருக்கு. எங்கன்னு சொல்றதுக்கில்லை.”

தமிழில் பிரதி என்றால் புத்தகப் படி. மலையாளத்துப் போலீஸ்காரர் காதில் பிரதி என்றால் குற்றம் சாட்டப்பட்டவன். பீடியைப் பற்றவைக்காமலே ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கிறார்.

கொழுந்து கிள்ளும் மாரியம்மா, கைக்கட்டு மாற்ற வந்தபோது செய்தியைக் கொண்டுவந்தாள். “கம்பவுண்டரம்மா, ராவுத்தரக் கொண்டு போயிட்டாவ. ஒரு பிரதி ஆம்புட்டுட்டானாம். இன்னொருத்தன் காட்டுக்குள்ள ஓடிட்டானாம். தேடுதாவ.”

ஓடிப்போனவன் அப்போது என் மருந்து அலமாரியில், விளக்கெண்ணெய்க்கும் கொயினாவுக்கும் நடுவே இருந்தான்.

எனக்குப் பதற்றம் வந்தால் காரியங்களை வரிசையாகச் செய்வேன். கையைக் கழுவினேன். அலமாரியைப் பூட்டினேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். பாதி இறக்கம் இறங்கிய பிறகுதான் புத்தகத்தை உள்ளேயே வைத்துப் பூட்டியது உறைத்தது. திரும்பி ஓடி எடுத்து வந்தேன். வழியெல்லாம் ஒரே நினைப்பு: கையில் விலங்கோடு ராவுத்தர், பூட்டிய கடை, லாரியில் ஏறும் கண்ணாடி அலமாரி.

ஸ்டேஷனில் ராவுத்தர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதல் பிரதி மேஜைமேல் கிடந்தது. அது புத்தகம்தான் என்று சப்-இன்ஸ்பெக்டருக்கு எப்போதோ விளங்கிவிட்டது. ஆனால் இரண்டாவதும் வெறும் புத்தகம் என்றால், அது யாரிடம் இருக்கிறது என்று சொல்ல இந்த மனிதர் ஏன் மறுக்க வேண்டும்? உள்ளே துண்டுப் பிரசுரம் வைத்து ஊர் ஊராக அனுப்புகிறாரோ? பெயரைச் சொல்லாவிட்டால் ராத்திரி லாக்கப்தான் என்று எச்சரித்தும், ராவுத்தர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

“ரண்டாம் பிரதி எவிடெ?” என்று நான் நுழையும்போதும் சப்-இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இங்கே” என்று புத்தகத்தை வைத்தேன். ராவுத்தரின் முகம் அப்போதுதான் பயந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பலமாகக் குலுக்கினார். ஒரு சீட்டு விழுந்தது. சப்-இன்ஸ்பெக்டர் முன்பு தமிழ் பேசும் செங்கோட்டையில் வேலை பார்த்தவர். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார். சீட்டை எடுத்துப் படித்தார்: “கு… லு… க்கி… உபயோகிக்கவும்.”

பக்க அடையாளத்துக்கு நான் வைத்திருந்த மருந்துக் குப்பிச் சீட்டு.

சிரிப்பதா அதட்டுவதா என்று அவர் யோசிக்கும் முன் ராவுத்தர் எழுந்துவிட்டார். “சார் தமிழ் படிக்கறாரே! எழுத்துக் கூட்டிப் படிக்கறவங்களுக்கு இது ஒரு வருஷம் வரும். உறக்கம் நல்லாப் புடிக்கும், சார்.”

சப்-இன்ஸ்பெக்டருக்கு உறக்கம் வருவதில்லை என்பது ராவுத்தருக்கு எப்படித் தெரிந்ததோ. எல்லைப் பேச்சு கிளம்பிய பிறகு மலையில் யார்தான் உறங்கினார்கள்? சப்-இன்ஸ்பெக்டர் நான் கொண்டுபோன பிரதியைத் தம் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, முதல் பிரதியை ராவுத்தரிடம் நீட்டி, எங்களைப் போகச் சொன்னார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ராவுத்தரிடம் இருந்தது ஒரே குடை. ஏற்றம் முழுக்க என்னை வைதுகொண்டே வந்தார்.

“கல்யாணமாவாத பொண்ணு பேரு ஸ்டேஷன்ல ஏறலாமுங்களா? ஒரு ராத்திரி நான் அங்க படுத்திருந்தா மலையா சரிஞ்சு போகும்?”

குடை முழுவதும் என் பக்கம் சாய்ந்திருந்தது. அவருடைய தோளும் தொப்பியும் சொட்டச் சொட்ட நனைந்தன. நனைகிறீர்களே என்றேன்.

“புஸ்தகம் நனையக்கூடாதுங்க, அம்மிணி” என்றார்.

முதல் பிரதி அவருடைய சட்டைக்குள் இருந்தது. என் கையில் ஒன்றும் இல்லை.