சீனிக்கு ஒரு கல்யாணம்

குருநாதன் பையைத் தலைகீழாக உதறிக் காட்டினான். ஒரே ஒரு எறும்பு விழுந்தது.

"இன்னைக்கும் இல்லையா?" என்றார் சங்கரபாண்டியன்.

"எனக்கு முன்னால நின்ன ஆளோட முடிஞ்சு போச்சு அத்தான்."

"நேத்தும் இதையேதானலே சொன்னே?"

"நேத்தும் அதே ஆளுதான் முன்னால நின்னான்."

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம் அது. ஆலையில் ஸ்டிரைக் என்றார்கள், லாரி ஓடவில்லை என்றார்கள், கூட்ஸ் வண்டி விருதுநகரிலேயே படுத்துவிட்டது என்றார்கள். சங்கரன்கோவில் கடைத்தெருவில் தீபாவளிக்கு வெடி இருந்தது, துணி இருந்தது, சீனிக்குத்தான் தட்டுப்பாடு. காரணங்களுக்குத் தட்டுப்பாடே இல்லை.

நெடுஞ்சாலை ஆபீஸ் கிளார்க்கான சங்கரபாண்டியனுக்கு அது வெறும் தீபாவளி இல்லை. மகளுக்குத் தலைத் தீபாவளி. தூத்துக்குடியிலிருந்து வரும் மருமகனுக்கு மைசூர்பாகு என்றால் உயிர்.

"கருப்பட்டி போட்டுக் கிண்டினா என்னட்டி?" என்று மனைவியைக் கேட்டுப் பார்த்தார்.

"கிண்டலாம். மருமகன் பல்லு உங்க ஆபீஸ் போட்ட ரோடு மாதிரி ஆயிரும்" என்றாள் தங்கத்தாய்.

குருநாதன் அவளுடைய தம்பி. தறிக்கூடத்தில் வேலை, அக்கா வீட்டில் சாப்பாடு. அவனுக்கு ஒரு பெண் பாருங்கள் என்று தங்கத்தாய் ஆரம்பித்தால் போதும், "சின்னப் பையனுக்கு என்ன அவசரம்?" என்பார் சங்கரபாண்டியன். சின்னப் பையனுக்கு முன்நெற்றி ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் ரேஷன் கடை வரிசையில் நிறுத்த அவருக்கும் வேறு ஆள் இல்லை.

"கல்யாண வீட்டுக்கு மட்டும் தாலுகா ஆபீஸ்ல தனியா சீனி குடுக்காங்களாம். பத்திரிகையைக் காட்டணுமாம். நமக்கு ஏது வழி?" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான் குருநாதன்.

சங்கரபாண்டியன் அவனை மேலும் கீழும் பார்த்தார். அவன் ஒரு ஆண்பிள்ளை என்பதே அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

"வழி இல்லேன்னு யாருலே சொன்னது?"

"ஐயோ வேண்டாம் அத்தான், எனக்கு வெக்கமா இருக்கு!"

"ஏலே, காகிதத்துலதான கல்யாணம்! கடைசியில பொண்ணு வீட்டுக்காரன் மாட்டேன்னுட்டான்னு சொல்லிருவோம்."

மறுநாள் முகம்மது மைதீன் அச்சகத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மைதீன் பென்சிலை எச்சில் தொட்டுக்கொண்டு, "பொண்ணு பேரு?" என்றார். சங்கரபாண்டியனுக்கு விக்கல் வந்துவிட்டது. குருநாதன் விட்டத்தைப் பார்த்தான்.

"மாரித்தாய்னு போடுங்க. ராயகிரி மூக்காண்டி மக."

வெளியே வந்ததும் சங்கரபாண்டியன் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். "மாப்ளே, உனக்குள்ள இம்புட்டுக் கற்பனை இருக்குன்னு தெரியாமப் போச்சே!"

தாலுகா ஆபீசில் சப்ளை ஆபீசர் பத்திரிகையைப் படித்தார், சிரித்தார், சீனிக்கு எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்த கையோடு, "போன மாசம் ஒரு ஆளு பொய்ப் பத்திரிகை காட்டிட்டான். இப்ப ஜெயில்ல இருக்கான். அதனால எல்லாக் கல்யாணத்துக்கும் நானே நேர்ல வந்துருதேன்" என்றார்.

சங்கரபாண்டியன் சீனி மூட்டையோடு வீடு வந்தபோது சட்டை முழுக்க வேர்வை.

வாசலில் மைதீன் நின்றார். "நீங்க ஆபீசு வேலையா அலைவியன்னு நானே பத்திரிகையைத் தெருத்தெருவாக் குடுத்துட்டேன் அண்ணாச்சி. வெளியூருக்குத் தபால்லயும் போட்டாச்சு. நமக்குள்ள நன்றியெல்லாம் சொல்லக் கூடாது."

சங்கரபாண்டியனுக்கு நன்றி சொல்லும் உத்தேசமே இல்லை.

அன்று சாயங்காலமே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்க வேண்டும். காப்பிக்குச் சீனி போட வேண்டும். தங்கத்தாய் கொஞ்சமாகப் போட்டால், "கல்யாண வீட்டுக் காப்பி ஏன் இப்படிக் கசக்கு?" என்று டம்ளரை நீட்டினார்கள். ஒவ்வொரு கரண்டியிலும் ஒரு மைசூர்பாகு கரைவதை சங்கரபாண்டியன் கண்ணால் பார்த்தார். தாங்க முடியாமல் கோவில் பக்கம் போய் ஒளிந்துகொண்டார். வந்தவர்களோ அவரைப் பார்க்காமல் போவது மரியாதையில்லை என்று காத்திருந்து இன்னொரு காப்பி குடித்தார்கள்.

ஆபீஸ்காரர்கள் சேர்ந்து பந்தல் போட்டார்கள். பெரியப்பா ஒருவர் கோபித்துக்கொண்டார். அவரைச் சமாதானப்படுத்த மேளம் ஏற்பாடு செய்யும் பொறுப்பைக் கொடுக்க வேண்டியதாயிற்று. அவர் இரட்டை மேளத்துக்குச் சொல்லிவிட்டார்.

முகூர்த்த நாள் காலையில் சங்கரபாண்டியன் கண்ணாடி முன்னால் நின்று முகத்தைத் தொங்கப்போட்டுப் பழகினார். 'பொண்ணு வீட்டுக்காரங்க ஏமாத்திட்டாங்கய்யா.' குரல் உடைய வேண்டிய இடத்தில் சரியாக உடைந்தது.

ஜீப் வந்தது. சப்ளை ஆபீசர் முன்வரிசையில் உட்கார்ந்து சந்தனம் பூசிக்கொண்டார். மணமேடையில் குருநாதன் மட்டும் மாலையோடு நின்றான். சங்கரபாண்டியன் துண்டை வாயில் பொத்திக்கொண்டு ஆபீசர் முன்னால் போனார்.

"அய்யா... பொண்ணு வீட்டுக்காரங்க..."

"வந்துட்டாங்க!" என்று யாரோ கத்தினார்கள். மேளம் அதிர்ந்தது.

வாசலில் ஒரு வேன். தாம்பாளங்கள் இறங்கின, பெண்கள் இறங்கினார்கள், கடைசியில் கூறைப்புடவையில் தலைகுனிந்தபடி ஒரு பெண் இறங்கினாள். வெள்ளை மீசைக்காரர் ஒருவர் ஓடிவந்து சங்கரபாண்டியனைக் கட்டிப்பிடித்தார்.

"ராயகிரி மூக்காண்டி நாந்தான். உங்க பேரு போட்டுப் பத்திரிகை வந்த பொறவு எங்களுக்கு என்ன யோசனை!"

சங்கரபாண்டியன் குருநாதனை வாழைமரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். "யாருலே இவங்கள்லாம்?"

"எனக்கும் திக்குனு இருக்கு அத்தான். அந்தப் பேருல அங்கன நெசமாவே ஆளு இருக்கும் போல. மைதீன் தபால்ல போட்டுட்டாரு."

"இப்ப என்ன செய்ய?"

குருநாதன் ஆபீசரைப் பார்த்தான். மணப்பெண்ணைப் பார்த்தான். நீளமாகப் பெருமூச்சு விட்டான்.

"ஒரு பொண்ணோட வாழ்க்கை அத்தான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா நான் தியாகம் பண்ணுதேன்."

சங்கரபாண்டியனுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட தங்கத்தையா வரிசையில் நிறுத்தினோம் என்று அவனைக் கட்டிக்கொண்டார். விரலி மஞ்சளை மஞ்சள் கயிற்றில் கோத்துத் தாலி கட்டியாயிற்று. சப்ளை ஆபீசர் பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்து, "அசல் கல்யாணம்!" என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டு ஜீப் ஏறினார்.

சாயங்காலம் அடுப்படியில் சங்கரபாண்டியன் ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றிய கதையை மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எல்லாஞ் சரிதான்" என்று தங்கத்தாய் காலி டப்பாவைக் கவிழ்த்தாள். "மருமகன் நாளைக்கழிச்சு வாராரு. மைசூர்பாகுக்கு எங்க போக?"

அவர் அப்படியே மனைப்பலகையில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை வாசற்படியோரம் வாய் திறக்காமல் நின்ற புதுப்பெண், தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"சீனிக்கா கவலைப்படுதிய அண்ணாச்சி? உங்க வீட்டுச் சீனி பூரா எங்க வீட்டுலதான பத்திரமா இருக்கு... ஒவ்வொரு தடவையும் ரேஷன் கடையில வாங்கின கையோட அவியதான பஸ் ஏறி வந்து குடுத்துட்டுப் போவாவ!"