மஞ்சள் பையில் ஒதுக்கீடு

தலையாட்டிகள் என்று ஓர் இனம் உண்டு. பூம்பூம் மாட்டைச் சொல்லவில்லை. அது பாவம், மேளம் அடித்தால்தான் ஆட்டும். நான் சொல்லும் இனத்துக்கு மேளமே வேண்டாம். யாராவது ஒரு பெரிய சொல்லைச் சொல்லி, "புரிஞ்சுதா?" என்றால் போதும், கழுத்து தானாக வேலை செய்யும்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆபீஸ் ஜன்னலில் எல்லோருக்கும் வழிவிட்டுக் கடைசியாக ஒருத்தி நிற்பாள், கேள்வி முடியும் முன்னே தலையாட்டுவாள், வெளியே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இனி எங்கே போவது என்று வேப்பமரத்தைப் பார்ப்பாள். எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்கிறீர்களா? ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட நாளிலிருந்து அந்தக் கழுத்து என்னிடம்தான் இருக்கிறது.

சாலை மறியல் நடந்த வருடங்களில் எங்கள் பக்கம் ஒரே சொல்தான் பேச்சு: ஒதுக்கீடு. எனக்கா புதிது? ரேஷன் கடையில் ஒதுக்கீடு என்றால் மண்ணெண்ணெய். சொசைட்டியில் யூரியா. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில், யார் வயலில் எந்தத் தேதி கரும்பு வெட்டலாம் என்பது. தேர்தல் வந்தால் சுயேச்சைக்குச் சின்னமாகக் கிடைக்கும் ஏணியோ பூட்டோ. இத்தனை தெரிந்தவள், தியாகதுருகம் கூட்டத்தில் மைக்கில் "இடஒதுக்கீடு" என்று கேட்டதும் சும்மா இருப்பேனா? இரண்டு மணி நேரம் ஆட்டினேன். திரும்பும் வழியில் பக்கத்து வீட்டுத் தைலம்மாள் கேட்டாள்.

"ஏன்டி, இன்னா சொன்னாங்க?"

"நீதானக்கா அப்படி ஆட்டிக்கினு இருந்த?"

"நீ ஆட்டுன, நானும் ஆட்டுனேன். எனக்கு இன்னா தெரியும்?"

போராட்டம் ஓய்ந்து அரசு புதுச் சாதிப் பட்டியல் போட்ட வருடம், என் மகள் சுபஸ்ரீ பிளஸ் டூ முடித்தாள். டீச்சர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட வேண்டும். கிடைத்தால், எங்கள் வீட்டில் கரும்பில் காய்ந்த சோகை இலை உரிக்கப் போகாத முதல் பெண் அவள். அவளுக்கு அம்மை போட்டிருந்ததால் விண்ணப்பத்தோடு கள்ளக்குறிச்சி ஆபீசுக்கு நான் போனேன். கிளார்க் காசிநாதன் காகிதங்களைப் புரட்டினார்.

"ஒதுக்கீட்டுக்கு உண்டான பேப்பர் சரியா இல்லியேம்மா. வெள்ளிக்கிழமை கடைசி. அதுக்குள்ள கொண்டாந்துடணும். புரிஞ்சுதா?"

ஆட்டினேன்.

வீட்டில் வேப்பிலைக்கு நடுவில் படுத்திருந்தவள் கேட்டாள்: "எந்தப் பேப்பராம்மா? சாதி சர்டிபிகேட்தான் வெச்சேனே. நல்லா கேட்டியா?"

அதற்கும் ஆட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை, ஒதுக்கீடு என்ற சொல் எங்கெங்கு காதில் விழுந்ததோ அங்கெல்லாம் கொடுத்த காகிதத்தை ஒன்று விடாமல் மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு முதல் பஸ் ஏறினேன். ஜன்னலில் ரேஷன் கார்டும் யூரியா ரசீதும் ஆலைச் சீட்டும் வரிசையாக வெளிவந்தன.

"இன்னாம்மா இது, வூட்டையே தூக்கிக்கினு வந்துட்ட? அன்னிக்கே சொன்னேனில்ல? புரிஞ்சுதுன்னு தலைய ஆட்டுனியே!"

கழுத்து மறுபடியும் கிளம்பியது. வேப்பிலைக்கு நடுவில் அந்த முகம் நினைவுக்கு வந்தது. ஒரு கையால் என் தாடையைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லீங்க. புரியலீங்க. எந்தப் பேப்பருங்க? அத யாரு தருவாங்க?"

காசிநாதன் பக்கத்து மேசையிடம் திரும்பி, "ஏம்பா, லிஸ்டு மாறிடுச்சே, புது சர்டிபிகேட் வேணுமா, பழசே செல்லுமா?" என்றார்.

பக்கத்து மேசை தலையாட்டியது. எதற்கு ஆட்டியது?

"எங்களுக்கும் அதாங்க தெரியல" என்றது எனக்குப் பின்னால் ஒரு குரல். திரும்பினேன். வரிசை முழுவதும் மஞ்சள் பை.

சத்தம் கேட்டு அதிகாரி வெளியே வந்தார். தாலுகா ஆபீசில் புதுச் சான்று வாங்க வேண்டும், புதன்கிழமை வரை நேரம் உண்டு என்று கரும்பலகையில் எழுதவைத்தார். செவ்வாய்க்கிழமையே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சுபஸ்ரீ இப்போது கரியாலூர்ப் பக்கம் மலைப் பள்ளியில் டீச்சர். வகுப்பில் "புரிஞ்சுதா?" என்று கேட்பதே இல்லையாம். முதலில் தலையாட்டும் பிள்ளை எதுவோ, அதற்குத்தான் இன்னொரு முறை சொல்லித்தருகிறாளாம்.

பட்டியல் என்ன, அது ஏன் மாறியது, பழைய சான்று ஏன் செல்லாது, எல்லாம் உங்களுக்குப் புரிந்ததுதானே?

ஆட்டாதீர்கள். தாடையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.