பம்பாயிலிருந்து துபாய்க்கு ஒரு சுற்று

உலகத்தில் எந்த ஊர் எவ்வளவு தூரம் என்பது ஒரே ஒரு மனிதருக்குத்தான் சரியாகத் தெரியும். எங்கள் தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த கிலோமீட்டர் அண்ணன். அவர் வேலூரைத் தாண்டிப் போனதில்லை என்பது வேறு விஷயம்.

அவர் கணக்கே தனி. நம் அண்ணாமலையை ஒருதரம் வலம் வந்தால் பதினாலு கிலோமீட்டர்; அதுதான் அவருக்கு ஒரு சுற்று. கீழ்பென்னாத்தூர் ஒன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கம்மி. மெட்ராஸ் பதிமூன்றரை. பஞ்சர் ஒட்ட வந்தவர் டெல்லி என்று வாயைத் திறந்தால் போதும், டியூபை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டு வகுக்க உட்கார்ந்துவிடுவார்.

எழுபதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரர் துபாய்க்கு வேலைக்குப் புறப்பட்டார். பம்பாயில் விமானம் ஏறவேண்டும். நாங்கள் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. மகன் பத்திரமாய் இறங்கும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்றுவிட்டார் என் மாமியார். பம்பாயிலிருந்து துபாய் எவ்வளவு தூரம் என்று கேட்க நான் அண்ணனிடம் போய் நின்றேன்.

"நூத்தி முப்பத்தஞ்சு சுத்துக்கு மேல ஆவும்மா" என்றவர், என் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "ஆனா நேரம் மூணு மணிதான். வேகமா நடந்தா நமக்கு ஒரு சுத்து. அவரு ஏறுறப்ப கெளம்பினா, எறங்குறப்ப வந்துடலாம்."

விமானம் காலை ஆறு மணிக்கு. அண்ணன் எங்களுக்கு முன்னாலேயே வந்து ராஜகோபுரத்தடியில் நின்றார், வெறுங்காலோடு, ஒன்பதுக்கு அலாரம் வைத்த டைம்பீஸோடு. நடையா அது! நாங்கள் பின்னால் ஓடினோம். அடி அண்ணாமலையில் மாமியார், கால் கடுக்குது, ஒரு நிமிஷம் உட்காருகிறேன் என்றார்.

"நடுக்கடல்மா இது. இங்க உக்காந்தா உங்க புள்ள என்னா ஆவறது?"

மாமியார் எழுந்த வேகத்தில் அண்ணனையே முந்திவிட்டார்.

ஈசான்ய லிங்கத்தருகே அலாரம் அடித்துவிட்டது. கோபுரம் இன்னும் தூரம். நான் திகைத்தேன். அண்ணன் அசரவில்லை. "எறங்க எடம் காலியில்லாம மேலயே சுத்திக்கிட்டிருக்கும். நீங்க நடங்க" என்றார். கோபுரத்தில் கற்பூரம் ஏற்றினோம். மாமியார் தண்ணீர் குடித்தார்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. சுகமாய் வந்து சேர்ந்தாராம். ஆனால் விமானம் கிளம்பியதே காலை பத்து மணிக்காம். நாங்கள் கற்பூரம் ஏற்றியபோது மனிதர் பம்பாயில் பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றிருக்கிறார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அண்ணனிடம் காட்டினேன். இரண்டுதரம் படித்தார்.

மறுநாள் பத்து மணிக்குக் கடை மூடியிருந்தது. சித்திரை வெயிலில் தார் உருகிக்கொண்டிருந்தது. ஒரு மணிக்கு மேல் அண்ணன் நொண்டிக்கொண்டு வந்தார். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம்.

"என்னாண்ணே இது? அவரு போய்ச் சேந்துதான் பத்து நாளாச்சே."

"சேந்துட்டாரும்மா, யாரு இல்லன்னா? அவரு கடலுக்கு மேல இருந்தப்ப இங்க யாருமே நடக்கலியே. அதான் மனசு கேக்கல."

இரண்டு வருஷம் கழித்து என் வீட்டுக்காரர் ஊர் திரும்ப விமானம் ஏறிய நாளில், அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டு நான் தனியாகக் கோபுரத்துக்குப் போனேன். அண்ணனிடம் நான் சொல்லவேயில்லை. டைம்பீஸோடு நின்றுகொண்டிருந்தார்.