குடைப் பாவாடையும் ரெண்டு விரக்கடை அத்தையும்

திண்டுக்கல்லில் எங்கள் தெருப் பிள்ளைகள் யாரும் தங்கள் அளவுக்கு மட்டும் தைத்த சட்டை போட்டு வளர்ந்ததே இல்லை. காரணம், ரெண்டு விரக்கடை அத்தை. எதைத் தைத்தாலும் ஓரத்துக்கு இரண்டு விரல் அகலம் துணியை உள்ளே மடித்து விடுவார். பின்னால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். “வெட்டுன துணி வளராது, பிள்ளை வளராம நிக்காது” என்பார். நத்தத்துக்கு வாக்கப்பட்டுப் போன பெண்ணொருத்தி தலைப்பிரசவத்துக்கு வந்தபோது, பள்ளிக்கூட ரவிக்கையைப் பிரித்துவிட்டுப் போட்டுக்கொண்டாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் என் மகள் ஜெனிக்குப் புதுநன்மை வந்தது. கோயிலில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் பிள்ளைக்கு வெள்ளைக் கவுன் வேண்டுமே! மடத்து சிஸ்டர்கள் பழைய பெட்டியை ஒழித்தபோது அத்தைக்கு ஒரு உறை கிடைத்திருந்தது. உள்ளே அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கவுனுக்கு வெட்டுக் காகிதங்கள். மேலே படத்தில் ஒரு சிறுமி. பாவாடை விரித்த குடை மாதிரி நின்றது. “இதேதான் வேணும்” என்று ஜெனி பிடித்துக்கொண்டாள்.

மெல்லிசுக் காகிதம் பறந்துவிடும் என்று, மே மாத வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டார் அத்தை. வேர்க்க விறுவிறுக்க நான் ஆங்கிலக் குறிப்பைப் படித்துச் சொன்னேன்.

“அத்தை, தையலுக்கு எடம் விட்டுத்தான் வெட்டிருக்காம். காகிதத்த ஒட்டியே வெட்டணுமாம்.”

“அது வெள்ளக்காரன் அவம் பிள்ளைக்கு விட்டது. நம்ம பிள்ளைக்கு நாம விட வேணாமாத்தா?”

பாவாடைக்கு எட்டுத் துண்டு. துண்டுக்கு இரண்டு ஓரம். ஓரத்துக்கு இரண்டு விரக்கடை கூடுதல். தையலை மட்டும் குறிப்பில் சொன்னபடி ஓரத்தை ஒட்டியே ஓட்டினார் அத்தை. கூட்டிப் பார்க்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை போட்டுப் பார்த்தால், கவுனுக்குள் இன்னொரு பிள்ளையைக் குடிவைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பூசை. ஜெனி ஓவென்று அழுதாள்.

“மிச்சத்த வெட்டிருங்க அத்தை.”

“வாயக் கழுவு! அடுத்த வருசம் என்னத்தப் போடும்?”

ஒவ்வொரு தையலையும் பிரித்து, உடம்பளவுக்குப் பிடித்தார். மிஞ்சியதையெல்லாம் ஒரு நூலும் வெட்டாமல் உள்ளுக்குள்ளேயே மடித்து மடித்து அடித்தார். சனிக்கிழமை சாயங்காலம் கவுனைத் தரையில் வைத்தார். பிள்ளை இல்லாமலே அது தானாக நின்றது! அச்சு அசல் அந்தப் படம். ஜெனி அதைச் சுற்றிச் சுற்றிக் குதித்தாள்.

“எப்புடி? வெள்ளக்காரனே தோத்தான்” என்றார் அத்தை.

அதைப் போட்டு உட்கார வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் பிரசங்கத்துக்குக் கோயிலே உட்கார்ந்தது. முன்வரிசையில் ஜெனியும் உட்கார்ந்தாள். பாவாடை அப்படியே எழும்பி முகத்தை மூடியது. பதறி எழுந்தவள் நின்றபடியே இருந்தாள். மற்ற பிள்ளைகள் திரும்பித் திரும்பிச் சிரிக்க, அவள் உதடு பிதுங்க ஆரம்பித்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து அத்தை எழுந்தார். முட்டுவலிக்காரர், விந்தி விந்திப் போய் ஜெனி பக்கத்தில் தூணோரமாக நின்றுகொண்டார். உட்காரச் சொல்லிச் சைகை காட்டினேன். ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு பீடம்வரை கேட்கும்படி சொன்னார்:

“பிள்ளய நிக்க வச்சது நானு. நான் மட்டும் உக்காரவா?”

சாமியாரே சிரித்துவிட்டார். ஜெனியும்.

ஆனாலும் அன்றைய பிரசங்கம் நீளம். அத்தை முட்டியைத் தேய்த்துத் தேய்த்து நின்றார். நான் எழுந்து போய், சாய்ந்துகொள்ளட்டும் என்று தோளைக் கொடுத்து, அவர் பக்கத்தில் நின்றேன்.