முப்பது மீட்டர் கேபிளும் அண்ணாவின் குரலும்

பெருமதிப்பிற்குரிய அண்ணா அவர்களுக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்; நலம் என்று எழுதக் கை வரவில்லை. தினமும் காலை ஏழு மணிக்கு நாம் ஹாம் ரேடியோவில் பேசும்போது, ஒரு மாதமாக உங்கள் குரல் தேய்ந்துகொண்டே வருகிறது. டாக்டரிடம் போங்கள் என்றேன். "என் தொண்டைக்கு ஒரு கேடும் இல்லடா, உன் கேபிள்தான் சிக்னலைத் தின்னுது, முதல்ல அதைப் பாரு" என்றீர்கள். பார்த்தேன்.

மொட்டைமாடி ஆன்டெனாவிலிருந்து என் அறைக்கு முப்பது மீட்டர் கேபிள். அதில் பத்து மீட்டர், என்றைக்காவது உதவும் என்று பீரோவுக்குப் பின்னால் சுருட்டி வைத்தது. கேபிள் நீள நீளச் சிக்னல் குறையும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான்! மனசே இல்லாமல் வெட்டினேன். வெட்டிய துண்டில் சம்சாரம் துணி காயப்போடுகிறாள். மாடியில் இணைப்பைக் கழற்றினால் உள்ளே மழைத் தண்ணீர், செம்புக் கம்பியெல்லாம் பச்சை. சரி, தடிமனான புதுக் கேபிள் வாங்கினேன். அது வளைய மாட்டேன் என்று துள்ளி ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. கடைசியில், ரேடியோப் பெட்டியையே ஆன்டெனாவுக்கு நேர் கீழே வைத்தால் ஐந்தே மீட்டர் போதுமே என்று கணக்குப் போட்டேன். நேர் கீழே இருப்பது குளியலறை. "குளிக்கிறவங்க குளிங்க, நான் சுவரைப் பாத்துக்கிட்டுப் பேசிக்கறேன்"னு ஒரு வார்த்தை சொன்னேண்ணா, அவ்வளவுதான். மருமகள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மகன் என்னோடு பேசுவதில்லை. சம்சாரம் பேசுகிறாள், அதுதான் தாங்கவில்லை.

ஆக, நீங்கள் சொன்னபடியே கேபிள் கோளாறு ஒழிந்தது. அண்ணிக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி.

தங்கள் சொல் தட்டாத தம்பி.

பி.கு.: மேலே எழுதியதை விட்டுத்தள்ளுங்கள், அண்ணா. நீங்கள் மைக்கை அழுத்தினாலே என் பெட்டியில் சிக்னல் முள் கடைசிக் கோட்டில் போய் நிற்கிறது. பழைய கேபிளிலும் அப்படித்தான் நின்றது. சிக்னல் முழுசா வருது, உங்க குரல்தான் வரல. இது எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும்தான் வெட்டினேன், உடைத்தேன், கேபிளாகவே இருந்துவிடக் கூடாதா என்று. பயமா இருக்குண்ணா. டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன், அண்ணிக்கும் தெரியும். சனிக்கிழமை காலை வண்டியோடு வருகிறேன். சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நில்லுங்கள்.