பனியில் நரம்பு தேடிய ஊசி அக்கா

ஸ்காபரோவில் ஐம்பது வயதைத் தாண்டிய தமிழர்களில் ஊசி அக்காவிடம் கையை நீட்டாதவர் ஒருவரும் கிடையாது. அவரைத் தவிர, கனடாவின் குளிரைக் கண்டு சந்தோசப்பட்ட தமிழரும் ஒருவரும் கிடையாது. கார்த்திகை பிறந்ததும் நாங்களெல்லாம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தடித்த ஜாக்கெட்டுக்குள் நுழைவோம். அவர் மட்டும் விடுமுறைக்கு நாள் எண்ணும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இன்னும் மைனஸ் பத்துக்கு வரேல்லையே அண்ணை" என்று என்னிடம் கவலைப்படுவார். வானிலை சொல்லும் வெதர் நெட்வேர்க் டிவியில் அவருக்கு ஆள் இருப்பது போல, "வாற கிழமை வரும் எண்டு சொல்லுறாங்கள்" என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்வார்.

எங்கள் பிளாசாவில், மரக்கறிக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில் இருந்த லாப்பில் இரத்தம் எடுப்பது அவர் வேலை. எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் முன்னால் போய் உட்கார வேண்டும். எனக்கோ ஊசி என்றால் பயம். சாதாரணப் பயமில்லை. இந்த வரியை எழுதும்போதே முழங்கை கூசுகிறது.

அதற்கு அவர் ஒரு மருந்து வைத்திருந்தார்.

"கண்ணை மூடாதேங்கோ. என்னைப் பாருங்கோ. போன சனிக்கிழமை என்ன நடந்தது தெரியுமே? எண்பது அடி உயரம். வலது கால் வழுக்கிப் போச்சு. இடது கைக் கோடாலி ஒண்டுதான் பனியில கொழுவி நிக்குது. கீழ பாக்கிறன், பாறை..."

"ஐயோ, பிறகு?"

"பிறகென்ன, முடிஞ்சுது. பஞ்சை அமத்திப் பிடியுங்கோ. நெக்ஸ்ட்!"

அடுத்த முறை போய், "அண்டைக்குக் கால் வழுக்கினது என்னாச்சு?" என்று கேட்டால் அதற்குள் வேறு மலை, வேறு கோடாலி, வேறு கதை வந்திருக்கும். இப்படிப் பதினொரு கதைகள் முடிவு தெரியாமல் எனக்குள் தொங்கிக்கொண்டிருந்தன.

குளிர்காலத்தில் நீர்வீழ்ச்சிகள் உறைந்து கண்ணாடிச் சுவர் மாதிரி நிற்கும். சப்பாத்தில் இரும்பு முள்ளைப் பூட்டி, இரண்டு கையிலும் இரண்டு சின்னக் கோடாலிகளைப் பிடித்து, இடுப்பில் கயிற்றோடு அந்தச் சுவரில் ஏறுவது ஒரு விளையாட்டு. இந்த நாட்டில் பல ஆயிரம் பேர் அதைச் செய்கிறார்கள். ஊசி அக்காவுக்கு அது எப்படிப் பிடித்தது என்று ஒருநாள் கேட்டேன். வந்த முதல் குளிர்காலத்தில் பஸ் தரிப்பிடத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்தாராம். "விழுந்து கிடக்கேக்க யோசிச்சன் அண்ணை, நடந்தாலும் விழுத்துது, ஏறித்தான் பாப்பமே எண்டு." அதற்கு மேல் விளக்கம் கிடைக்கவில்லை.

அவர் என்னை அண்ணை என்பார். நான் அவரை அக்கா என்பேன். எங்களில் யார் மூத்தவர் என்று அவருடைய கணினிக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தனியாக ஒரு தொடர்மாடியின் பதினோராம் மாடியில் இருந்தார். ஒரு தை மாதம், வார நாட்களிலும் பழக வேண்டுமென்று, பல்கனிக் கம்பியில் ஒரு சாக்கைக் கட்டி மூன்று நாள் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அழகான பனித்தூண் ஒன்று வளர்ந்தது. ஆனால் அது மேல்நோக்கி வளராமல் கீழ்நோக்கி வளர்ந்து, பத்தாம் மாடி அங்கிளின் பல்கனிக்குள் போய், அங்கே நிறுத்தியிருந்த அவருடைய சைக்கிளை முழுசாக விழுங்கிவிட்டது. காலையில் எழும்பிப் பார்த்த அங்கிள், சைக்கிள் கண்ணாடிப் பெட்டிக்குள் நூதனசாலைப் பொருள் மாதிரி நிற்பதைக் கண்டு மனைவியைக் கூப்பிட்டார். மனைவி கட்டடத்தைப் பராமரிக்கிற சுப்பரின்டெண்டைக் கூப்பிட்டார். சுப்பரின்டெண்ட் ஊசி அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா கோடாலியோடு இறங்கி வந்தார். இரண்டு மணி நேரம் கொத்தினார். ஒரு கீறல் கூட விழாமல் சைக்கிள் வெளியே வந்தது. ஏச வாயெடுத்த அங்கிள், "பிள்ளை, பெல் கூட அடிக்குது!" என்று சொன்னதோடு சண்டை முடிந்தது. அதன் பிறகு வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் அவர் அந்தச் சைக்கிளைத்தான் முதலில் காட்டினார்.

முடிவு தெரியாத கதைகளின் பாரம் தாங்காமல், அவருக்கு ஓய்வு நாளான ஒரு புதன்கிழமை லீவு போட்டுவிட்டு நானும் அவரோடு போனேன். வடக்கே, உறைந்த நீர்வீழ்ச்சி ஒன்றுக்கு, காரில் இரண்டரை மணி நேர ஓட்டம். அவரோடு வழக்கமாக ஏறும் டேவ் என்பவரும் வந்தார். வேலையில் பிளம்பர். தாடியில் பனி பிடித்தால் தானும் ஒரு நீர்வீழ்ச்சி மாதிரி இருப்பார்.

அக்கா முதலில் ஏறினார். அவசரமே இல்லை. கோடாலியின் முனையால் பனியை மெல்லத் தட்டுவார், தலையைச் சரித்துக் கேட்பார், இரண்டு அங்குலம் தள்ளித் தட்டுவார். "உந்த இடம் நல்ல நரம்பு" என்று மேலேயிருந்து சத்தம் வரும். பிறகு ஒரே கொத்து. லாப்பில் என் கையில் செய்வதையே அங்கேயும் செய்துகொண்டிருந்தார். பனி கத்தவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

பிறகு என்னை ஏற்றினார்கள். பன்னிரண்டு அடி ஏறினேன். அதற்கு மேல் ஏறவும் தெரியவில்லை, இறங்கவும் தெரியவில்லை. பனியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

"காலை உதையுங்கோ அண்ணை! தடவாதேங்கோ, உதையுங்கோ! ஃபோர்-ஓ-வண் ஹைவேயில சிக்னல் போடாம குறுக்க வாறவனை நினைச்சு உதையுங்கோ!"

நினைத்தேன். அப்படி ஒரு உதை என் காலில் இருக்கிறதென்று எனக்கே தெரியாது. இன்னும் எட்டு அடி ஏறிவிட்டேன். கீழே வந்தபோது அக்கா என் முதுகில் அறைந்து, "அண்ணைக்கு இண்டைக்குச் சீனி குறைஞ்சிருக்கும்" என்றார். குறைந்துதான் இருந்தது. அதை அளந்தவரும் அவர்தான்.

போன மாசி மாதம் அவரும் டேவும் நாட்டின் மேற்கே இருக்கிற அல்பேட்டாவுக்குப் போனார்கள். பெரிய மலைகள். பல வருட ஆசை. ஒரு நீர்வீழ்ச்சியில் உச்சிவரை ஏறி, இறங்கி, அடிவாரத்தில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்த சரிவில் பனி உடைந்து வந்தது. டேவ் பாறையோரம் நின்றதால் தப்பினார். அக்கா பனிக்குள் போய்விட்டார்.

மரண அறிவித்தலில்தான் அவருடைய சொந்தப் பெயரை முதன்முதலாக வாசித்தேன். வேறு யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது. வயதையும் பார்த்தேன். என்னைவிட மூன்று வயது இளையவர்.

செத்தவீடு ஸ்காபரோவில் நடந்தது. பக்கத்து ஊரான அஜக்ஸில் இருக்கிற அவருடைய தமையன்தான் எல்லாம் பார்த்தார். பெரியண்ணை என்று அக்கா சொல்லும் அவர் சிற்றி பஸ் ஓட்டுகிறவர். தங்கச்சி பனியில் ஏறுவது அவருக்கு அறவே பிடிக்காது. தன் வீட்டில் மலை என்ற சொல்லே எழக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். அக்காவும் அங்கே போனால் சாப்பாட்டைப் பற்றி மட்டும் கதைத்துவிட்டு வருவார்.

மண்டபத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது கதவு திறந்தது. ஏறுகிறவர்கள் வந்தார்கள். நாற்பது பேர் இருக்கும். இந்துக்களின் செத்தவீட்டுக்கு வெள்ளை உடுப்பு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்த ஊரில் யாரிடம் குளிர்காலத்தில் வெள்ளை உடுப்பு இருக்கிறது? ஒருவர் சமையற்காரரின் கோட்டில் வந்தார். ஒரு பெண் கராட்டி உடுப்பில் வந்தாள். டேவ் பெயின்ற் அடிக்கிறவர்களின் முழு உடுப்பில் வந்தார்.

எனக்குப் பின்னால் இருந்த அன்ரி குனிந்து, "உவையள் ஆர் தம்பி, கேட்டரிங் ஆக்களோ?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல முன்பே பக்கத்தில் இருந்தவர் சமையற்காரரின் கோட்டைப் பிடித்துத் தேத்தண்ணி எங்கே என்று விசாரித்துவிட்டார். அந்த மனுசன் உண்மையாகவே போய்த் தேடி எடுத்துக்கொண்டு வந்தார்.

அப்போது பெரியண்ணை எழும்பினார்.

"ஆர் என்ர தங்கச்சியோட போனது?"

சொல் விளங்காவிட்டாலும் கேள்வி விளங்கி, டேவ் முன்னால் வந்தார். இரண்டு கைகளிலும் விரல்களுக்குக் கட்டுப் போட்டிருந்தது. பெரியண்ணைக்கு அன்று இங்கிலிஷ் வாயில் வரவில்லை என்று கண்டு, நான் ஓடிப்போய் நடுவில் நின்றேன். மொழிபெயர்க்கவா, அடி வாங்கவா என்று எனக்கே தெரியவில்லை.

"நான்தான்" என்றார் டேவ். "தோண்டினேன். கையுறை கிழிந்த பிறகும் தோண்டினேன். நேரத்துக்கு எட்ட முடியவில்லை."

பெரியண்ணை அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவள் பயந்தவளோ எண்டு கேளும்."

கேட்டேன். டேவ் தலையை ஆட்டினார். "இல்லை. உச்சிக்குப் போய்விட்டோம் என்று அவளுக்கு ஒரே சந்தோசம். கடைசியாக என்னை ஏசிக்கொண்டிருந்தாள். நான் கயிறு சுருட்டுவது பிழையாம். இத்தனை வருடத்தில் ஒருநாளும் சரியாகச் சுருட்டவில்லையாம்."

நான் அதைத் தமிழில் சொன்னதும் பெரியண்ணையிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு.

"அவள் அப்பிடித்தான்" என்றார். "என்ர பஸ்சில ஏறினால் நான் பிரேக் போடுறது பிழை எண்டு கடைசி ஸ்டொப் மட்டும் சொல்லிக்கொண்டு வருவாள். முப்பது வரியமாய் பஸ் ஓடுறன்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, டேவின் முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் குடும்பத்தவர்களின் வரிசையில் தன் பக்கத்தில் நிறுத்தினார். பெயின்ற் உடுப்போடு டேவ் கடைசிவரை அங்கேயே நின்றார்.

பங்குனியில் பனி உருக முன்பு, ஏறுகிறவர்கள் அக்காவை நினைத்து, நான் போய் ஏறிய அந்த வடக்கு நீர்வீழ்ச்சியில் கூடினார்கள். பெரியண்ணை எனக்கு அழைப்பெடுத்து, "நானும் வரலாமோ?" என்று கேட்டார். பஸ் கொம்பனியின் ஜாக்கெட்டோடு வந்தார். அங்கே பேச்சு, மாலை ஒன்றும் இல்லை. ஒவ்வொருவராக ஏறி, உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கினார்கள்.

பாதி உயரத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெட்டை கீழே பார்த்து, "இறுக்கு! இறுக்கு!" என்று கத்தினாள். கீழே கயிறு பிடித்தவன் இறுக்கினான். அடுத்தவன், "கொஞ்சம் விடு!" என்றான். விட்டார்கள்.

பெரியண்ணை என்னைப் பார்த்தார். "உதென்ன, தமிழே கதைக்கினம்?"

டேவிடம் கேட்டேன். புதிதாகப் பழக வருகிறவர்களுக்கெல்லாம் அக்காதான் வாத்தியாராம். அவசரத்தில் அவருக்குத் தமிழ்தான் வருமாம். அவர்கள் அதுதான் இந்த விளையாட்டின் கலைச்சொற்கள் என்று எண்ணிப் பாடமாக்கிவிட்டார்கள். சுவிஸ் நாட்டுச் சொற்களாக இருக்கும் என்று ஒருவன் இவ்வளவு காலமும் நம்பிக்கொண்டிருந்தானாம்.

பெரியண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிந்ததும் அந்தப் பனிச்சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் பட்டு அது நீலமாக இருந்தது.

"தம்பி, நீர் பாத்தனீர்தானே" என்றார் மெல்ல. "அவள் நல்லா ஏறுவாளோ?"

"ஓம் அண்ணை" என்றேன். "பாத்துக்கொண்டே நிக்கலாம்."

அவர் தலையாட்டினார். கழுத்து வலிக்கும்வரை இருவரும் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றோம்.