அசல் சாமான் வருகிறது

பழுதான சாமானைத் திருத்துகிறவர்கள் ஒரு வகை, தூக்கி எறிகிறவர்கள் இன்னொரு வகை, அதோடு உலகம் முடிந்தது என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. அவர் திருத்தவும் மாட்டார், எறியவும் மாட்டார். அசல் சாமான் வரட்டும் என்று காத்திருப்பார். அவருக்கு அசல்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

எப்படிக் கண்டுபிடிப்பது? அதே நிறத்தில் அதே பளபளப்பில் கிடைக்கவில்லை என்பதற்காக, சட்டையின் மூன்றாவது பொத்தான் இல்லாமல் இரண்டு வருடமாகத் திரிவார். காரின் பக்கக் கண்ணாடியை ஒட்டுநாடாவால் சுற்றியிருப்பார். கேட்டால் "தற்காலிகம்" என்பார், அந்தத் தற்காலிகத்துக்கு வயது ஐந்து. கோப்பிக் கேத்தலின் றப்பர் வளையம் தேய்ந்துபோய், தினமும் காலையில் பாதிக் கோப்பி கோப்பையிலும் மீதி அடுப்பிலுமாக இருக்கும். தெருமுனைக் கடையில் வளையம் கொத்தாகத் தொங்குகிறது. வாங்குவாரா? அது வேறு கொம்பனியின் வளையமாயிற்றே! இவர் வீட்டில் பழுதான சாமான் என்று ஒன்றுமே கிடையாது. எல்லாவற்றுக்கும் 'சாமான் வருது', அவ்வளவுதான்.

இத்தாலிய நகரமான பலேர்மோவில் இந்த இனத்தின் முதல்தர மாதிரி வேண்டுமென்றால் அல்பெர்கேரியாப் பகுதிக்குப் போங்கள். சூசைதாசன் அங்கே மூன்றாம் மாடியில், மனைவி அற்புதமலரோடும் ஒழுகும் தண்ணீர்க் குழாயோடும் குடியிருக்கிறார். பொலிதேயாமா பக்கம் ஒரு சிஞ்ஞோரா, அதாவது ஒரு இத்தாலிய அம்மாள், வீட்டில் வேலை. வருடம் முழுக்க அடுத்தவர் வீட்டு ஜன்னலைத் துடைக்கிற மனிதர், தேவாலயப் பங்குத் தமிழ்ப் பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டி நடக்கும் அந்த ஒரு ஞாயிறு மட்டும் வெள்ளைத் தொப்பியும் வெள்ளைக் கால்சட்டையும் மாட்டி, ஸ்டூல் மேல் ஏறி, கையில் ரிவால்வரைத் தூக்கி, ஓட்டங்களைத் தொடக்கிவைப்பார். பயப்படாதீர்கள். குழல் அடைத்த ரிவால்வர், சத்தம் மட்டும்தான் வரும். சிஞ்ஞோரா கொடுத்தது; அவருடைய காலஞ்சென்ற கணவர் ஓட்டப்பந்தயங்களில் பிடித்த அந்த ரிவால்வருக்கு வயது அறுபதுக்கு மேல். அந்த ஸ்டூலில் நிற்கும்போது சூசைதாசனை எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். வருடத்தில் மற்ற எந்த நாளிலும் அவரை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

ரிவால்வரிலும் ஒரு பழுது. மன்னிக்கவும், ஒரு சாமான் வரவேண்டியிருந்தது. விசையை இழுத்தால் சிலிண்டரைத் தள்ளிச் சுழற்றுகிற சின்ன இரும்பு நாக்கு தேய்ந்துவிட்டது. முதல் இழுப்பில் சிலிண்டர் அரைவாசிதான் திரும்பும். சுத்தியல் வெறும் இரும்பில் விழுந்து 'டிக்' என்னும். இரண்டாம் இழுப்பில்தான் 'டுமீல்'. பதினொரு வருடமாக எல்லா ஓட்டமும் டிக்-டுமீல்தான்.

பல்லாறோச் சந்தைக்குப் பின்னால் பூட்டுத் திருத்தும் நீனோ கிழவர் அதைப் பார்த்துவிட்டு, "அரை மணித்தியாலம் இரு, உருக்கில் புது நாக்கு அராவித் தருகிறேன்" என்றார். சூசைதாசன் ரிவால்வரைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"அராவினா என்னப்பா?" என்றாள் அற்புதமலர்.

"அது டூப்ளிகேட். அசல் எண்டா அசல்தான்."

"அப்ப குழாய்க்கும் அசல்தானோ? வாளி நிரம்புது, போய் ஊத்திப்போட்டு வாங்கோ."

இந்த வருடம் விஷயம் முற்றிவிட்டது. விளையாட்டுக் குழுவின் புதுச் செயலாளர் யசிந்தன், கையில் ஸ்பீக்கரோடு திரிகிற வாலிபர், கூட்டத்தில் எழும்பிச் சொன்னார்: "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. போனிலை விசில் சத்தம் இருக்கு. இந்த முறையும் துவக்கு டிக் எண்டால், நான் அதைப் போடுறன். அடுத்த வருசத்திலையிருந்து துவக்கும் வேண்டாம், ஸ்டூலும் வேண்டாம்."

ஸ்டூலும் வேண்டாமாம்! சூசைதாசனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. இருந்தும் நீனோவிடம் போனாரா? அசல்காரரைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகும் இப்படி ஒரு கேள்வி வரலாமா? ஜெனோவாவில் பழைய ரிவால்வர்களைக் கழற்றி விற்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து, எழுதி, கெஞ்சி, படம் அனுப்பி, அளவு அனுப்பி, கடைசியில் போட்டிக்கு முதல் நாள் கப்பலில் வந்த பொட்டலத்தைத் துறைமுகத்துக்கே போய்க் கையில் வாங்கினார். அசல் நாக்கு. அதே தொழிற்சாலை, அதே முத்திரை. நீனோவே முணுமுணுத்துக்கொண்டு பொருத்திக் கொடுத்தார். கடைப் பின்வளவில் ஒருதரம் இழுத்துப் பார்த்தார்கள். முதல் இழுப்பிலேயே டுமீல்! சூசைதாசன் நீனோவைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். தேய்ந்த பழைய நாக்கை எறிந்தாரா? அதுவும் அசலல்லவா, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிறு. முதல் ஓட்டம். எட்டுப் பிள்ளைகள் கோட்டில் குந்தி நிற்கிறார்கள். சூசைதாசன் ஸ்டூலில் ஏறி, "ஆயத்தம்" என்று கத்தி, யசிந்தனை ஒரு பார்வை பார்த்து, விசையை இழுத்தார்.

டுமீல்!

ஒருவரும் ஓடவில்லை.

ஒருவன் மட்டும் ஓடினான். நாப்போலியிலிருந்து விருந்துக்கு வந்திருந்த சிறுவன் ஜெனோஜன். தனியாக ஓடி, தனியாக நாடாவை அறுத்து, திரும்பிப் பார்த்து, தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக நினைத்து அழத் தொடங்கினான். மற்ற ஏழு பேரும் குந்தியபடியே சூசைதாசனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் பிள்ளையள் ஓடேல்லை?"

"டிக் எங்கை அங்கிள்?" என்றாள் றம்யா. "டிக் எண்டாத்தானே எழும்புறது, டுமீல் எண்டாத்தானே ஓடுறது? அலோரா, அதாலை நாங்கள் டிக்குக்கு நிக்கிறம்!"

பிறந்த நாளிலிருந்து பிள்ளைகளுக்குத் தெரிந்த ஓட்டப்பந்தயம் அதுதான். பதினொரு வருடப் பழுது சட்டமாகிவிட்டது. மைதானம் முழுக்கச் சிரித்தது. யசிந்தன் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணை, விசிலைப் போடட்டோ?"

சூசைதாசனின் கை சட்டைப்பைக்குப் போனது. பழைய நாக்கு இருக்கிறது, மாட்டலாம், ஆனால் நீனோ கடை ஞாயிறு பூட்டு. தொப்பிக்குள் வியர்த்து ஒழுகியது. பிள்ளைகளைத் திரும்பக் கோட்டுக்கு அனுப்பினார். ரிவால்வரைத் தூக்கினார். கண்ணை மூடிக்கொண்டு, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து, வாயாலேயே சொன்னார்:

"டிக்!"

எட்டு முதுகுகள் எழும்பின. டுமீல். பறந்தார்கள்.

இருபத்துமூன்று ஓட்டம், இருபத்துமூன்று வாய் டிக். யசிந்தனின் ஸ்பீக்கர் பிறகு பாட்டுப் போடத்தான் உதவியது. கடைசியில் நாக்கு உலர்ந்துபோய் நின்றவருக்கு அற்புதமலர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

"எல்லாம் சரி. அந்த டிக் அசலோ, டூப்ளிகேட்டோ?"

சூசைதாசன் முழுப் போத்தலையும் குடித்துவிட்டு, ஸ்டூலிலிருந்து இறங்காமலே சொன்னார்:

"தற்காலிகம்."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள், எனக்கென்ன? ஆனால் சிரிப்பில் நழுவி விழுந்துவிடாமல் மூக்குக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறீர்களே, அதன் காலில் நூல் சுற்றியிருக்கிறதே, அதற்கு அசல் திருகாணி எப்போது வருகிறது?